மடிக்கணினியும் மாமனாரின் பாலமும்

எங்கள் வீட்டு மடிக்கணினி மெதுவாகிவிட்டது என்று முதலில் புகார் சொன்னது நானல்ல, என் மாமனார். எனக்கு அதன் மெதுநடை பழகிப்போயிருந்தது. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு அடுப்படிக்குப் போய், எனக்கும் மாமனாருக்கும் தோசை வார்த்து, சட்னி அரைத்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினால் திரை அப்போதுதான் கண்விழித்து எனக்கு நல்வரவு சொல்லிக்கொண்டிருக்கும். அது இன்னும் கொஞ்சம் வேகமாக இருந்திருந்தால் சட்னி இல்லாமல்தான் சாப்பிட்டிருப்போம்.

"ஏம்மா, இந்தப் பெட்டிய யார்கிட்டயாச்சும் காட்டக்கூடாதா? ரொம்ப ஸ்லோ லா. நேத்து நடந்தத இன்னிக்குக் காட்டுது," என்றார் ஒரு நாள்.

மாமனார் மலேசியாவில், எங்கள் கெலாங் பாத்தாவில் பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வேகம் குறைவு என்று அவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் முறை. அவர் பேருந்து ஓட்டிய காலத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். அவர் இணையத்தில் செய்தி பார்க்கிறார், அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, "பாக்குறேன் மாமா" என்றேன். பார்க்கவில்லை.

சிங்கப்பூரிலுள்ள ஒரு சரக்கு நிறுவனத்துக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். கப்பலில் ஏறும் பெட்டிகளுக்கான ஆவணங்களைச் சரிபார்த்து அனுப்புவது வேலை. பெருந்தொற்றுக் காலத்தில் வீட்டுக்கு வந்த வேலை, பெருந்தொற்று போன பிறகும் போகவில்லை. மடிக்கணினி என் சொந்தக் கணினி. பகலில் அது எனக்கு. மாலையில் நான் குளித்துச் சமைக்கப் போனதும் மாமனாருக்கு. ஒரு முறை அவர் ஏதோ தேடப் போய், துறைமுகத்தில் காத்திருந்த ஒரு கப்பலின் ஆவணங்களைக் குப்பைத் தொட்டிக்குள் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு கோலாலம்பூரில் படிக்கும் என் மகள் விடுமுறைக்கு வந்தபோது, தாத்தாவுக்கென்று அந்தக் கணினியிலேயே ஒரு தனிக் கணக்கை உருவாக்கிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் பக்கம் அவருக்கு, என் பக்கம் எனக்கு. கூட்டுக்குடும்பத்தில் இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது என்று நினைத்தேன்.

கணினியை யாரிடமாவது காட்டித்தான் ஆகவேண்டும் என்று எனக்கே தோன்றியது ஒரு காணொளிக் கூட்டத்துக்குப் பிறகு. மேலாளர் என்னிடம் ஏதோ கேட்டார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். படம் அங்கேயே உறைந்துவிட்டது. அவர்கள் திரையில் நான் வாயை அகலத் திறந்து, ஒரு கண்ணை மட்டும் மூடி, விரலை உயர்த்தியபடி நின்றுபோயிருக்கிறேன். என் பக்கம் எல்லாம் சரியாகத் தெரிந்ததால், நான் பாட்டுக்கு முழுப் பதிலையும் சொல்லி முடித்துவிட்டு நன்றியும் சொன்னேன். சக ஊழியை ஒருத்தி அந்த முகத்தை வெட்டியெடுத்து அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஸ்டிக்கராக விட்டாள். இன்றைக்கும் யாராவது தாமதமாக வந்தால் என் முகத்தைத்தான் போடுகிறார்கள்.

வைத்தியம் ஆரம்பமானது. என் கணவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம், "ஆஃப் பண்ணி ஆன் பண்ணியா?" என்று கேட்பது. குளிர்பெட்டிக்கும் அதையேதான் கேட்பார், மின்விசிறிக்கும் அதையேதான் கேட்பார். ஆஃப் செய்வது என்றால் எங்கள் வீட்டில் மூடியைச் சாத்துவது. சாத்தித் திறந்தேன். ஒன்றும் மாறவில்லை. பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா, சூடுதான் காரணம் என்றார். மேசை விசிறியைக் கணினிப் பக்கம் திருப்பி வைத்தேன். அது குளிர்ந்தது, நான் வேர்த்து வடிந்தேன்.

திரையின் மூலையில் அவ்வப்போது ஓர் எச்சரிக்கை வந்துகொண்டிருந்தது. நினைவகம் குறைவாக உள்ளது, சிலவற்றை மூடவும் என்று. நினைவகம் என்றதும் நான் புகைப்படங்களைத்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அழித்தேன். கணவர் வழி உறவினர் வீட்டுத் திருமணங்கள், காதுகுத்து, தைப்பூசத்தில் மங்கலாக எடுத்த காவடிகள், யாருடையது என்றே தெரியாத ஒரு பிறந்தநாள். மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனாலும் கை நிற்கவில்லை. திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தால் அதே தோசை, அதே சட்னி. வேகம் இம்மியும் கூடவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் குறைந்திருந்தார்கள்.

ஜொகூர் பாருவில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் கணினி பழுதுபார்க்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரச் சீனர் கணினியைத் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டு மலாயில் விளக்கினார். படங்கள் கிடப்பது கிடங்கு, எச்சரிக்கை சொல்லும் நினைவகம் என்பது வேலை செய்யும் மேசை. கிடங்கைக் காலி செய்தால் மேசையில் இடம் வராது. இந்த ரகக் கணினியில் அந்த மேசையைப் பெரிதாக்க வழியில்லை, பலகையோடு சேர்த்து ஒட்டியிருக்கிறார்கள். ஆக, புதிது வாங்குவதுதான் மருந்து என்று சொல்லி, மருந்தையும் கண்ணாடிப் பெட்டிக்குள் காட்டினார். அழித்த படங்களை நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

கடைசியாகத் தம்பியை அழைத்தேன். முதலிலேயே அழைத்திருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவனைத்தான் அழைக்கிறார்கள் என்பதால் ஒரு பரிதாபம். எங்கள் மாநிலத்தில் இப்போது பாமாயில் தரும் செம்பனைத் தோட்டங்களை வழித்தெடுத்துவிட்டு, ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்களை எழுப்பிவருகிறார்கள். தரவு மையங்கள். உலகத்தில் யார் யாரோ எடுக்கும் படங்களும் பேசும் பேச்சும் எங்கள் ஊர்ப் பக்கம் வந்துதான் தங்குகின்றன என்கிறார்கள். தம்பிக்கு அப்படியொரு மையத்தில் வேலை. வேலை கிடைத்த நாளிலிருந்து, உறவில் யார் கைப்பேசி தண்ணீரில் விழுந்தாலும் அவனிடம்தான் வரும்.

"அக்கா, நான் அங்க கூலிங் பைப் பாக்குறவன். கம்ப்யூட்டர் இருக்கிற ரூமுக்குள்ள போக எனக்குப் பாஸே கிடையாது," என்றான்.

"உள்ள போகாட்டி என்னடா, பக்கத்துலதான இருக்க?"

பெருமூச்சு விட்டான். இத்தனை நாள் எல்லோருடைய கைப்பேசியையும் பார்த்துப் பார்த்து அவனுக்கும் கொஞ்சம் கைவந்திருந்தது. கைப்பேசியில் முகம் பார்த்துப் பேசியபடியே, பணி மேலாளர் என்ற பக்கத்தைத் திறக்கச் சொன்னான். எந்தெந்தச் செயலி எவ்வளவு நினைவகத்தைத் தின்கிறது என்று அது காட்டும். திறந்தேன். நினைவகம் என்ற கட்டம் ஆழ்ந்த சிவப்பில், நிரம்பி வழியும் நிலையில் இருந்தது. ஆனால் நான் திறந்து வைத்திருந்தது என்னவோ மின்னஞ்சலும் ஒரு கணக்குத் தாளும்தான்.

"இது ரெண்டும் இவ்ளோ சாப்பிடாது. வேற யாரோ சாப்பிடுறாங்க," என்றான் தம்பி. "மேல யூசர்ஸ்னு ஒன்னு இருக்கா? அத அமுக்கு."

அமுக்கினேன். இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று நான். இன்னொன்று, மகள் போட்டு வைத்திருந்த பெயரில், தாத்தா. தாத்தாவின் வரியில் இருந்த எண் என்னுடையதைப் போலப் பல மடங்கு.

"அக்கா, மாமா கணக்கு இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. அவரு வெளியேறுறதே இல்ல போல. நீ உன் பக்கத்துக்கு மாறுறப்ப அவரு பக்கம் பின்னாடி அப்படியே ஓடுது. உள்ள என்னதான் வச்சிருக்காரு, பாரு."

மாமனார் அந்த நேரம் பின்கட்டில் செருப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். அவருடைய கணக்குக்குக் கடவுச்சொல் கிடையாது. உள்ளே போனேன். உலாவி திறந்தே இருந்தது. அதன் தலைப்பில் பக்கங்கள் ஒன்றையொன்று நெருக்கி, பெயர் எழுதக்கூட இடமில்லாமல், டின்னில் மத்தி மீனை அடுக்கியதுபோல நின்றன. ஒன்றைத் தொட்டேன். பாலம். சிங்கப்பூருக்குப் போகும் இரண்டாம் பாலத்தின் நேரடிக் கேமரா. அடுத்ததைத் தொட்டேன். அதே பாலம். அதற்கடுத்தது சோதனைச் சாவடி. அப்புறம் மறுபடி பாலம். முகப்பில் மகள் வைத்துக் கொடுத்த சின்னத்தை அவர் ஒவ்வொரு மாலையும் அமுக்கியிருக்கிறார். ஒவ்வொரு அமுக்கலுக்கும் புதிதாக ஒரு பக்கம் திறந்திருக்கிறது. எதையும் மூடவில்லை. மாதக்கணக்கில் திறந்த அத்தனை பாலங்களும் ஒன்றுசேர்ந்து, நான் வேலை செய்துகொண்டிருந்த ஒவ்வொரு நிமிடமும், என் முதுகுக்குப் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போனேன். கைப்பேசியில் தம்பி, "என்னக்கா, அசிங்கமா எதாச்சுமா?" என்று பதறினான்.

"பாலம்டா," என்றேன். "மாமா பாலத்தப் பாத்துக்கிட்டு இருக்காரு."

என் கணவர் சிங்கப்பூரில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். விடியுமுன் காரை எடுத்துக்கொண்டு அந்தப் பாலத்தைத் தாண்டிப் போவார், மாலையில் அதே பாலத்தைத் தாண்டி வருவார். வருவது பாலத்தின் மனநிலையைப் பொறுத்தது. பல மாலைகளில் 'ஜாம், லேட் ஆகும்' என்று எனக்குக் குறுஞ்செய்தி வரும். அதை நான் மாமனாரிடம் சொல்வேன். அவர் தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலுக்குப் பின்னால் இப்படியொரு தவிப்பு இருந்திருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை. மனைவியை இழந்த மனிதர். ஒரே மகன். அந்த வரிசையில் எந்த விளக்கு தன் மகனுடையது என்று ஒவ்வொரு மாலையும் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தம்பிக்கும் குரல் கம்மியது. "நம்ம அப்பாகூட இப்படிப் பாத்ததில்லக்கா," என்றான்.

அவன் அதை அம்மாவிடம் சொல்ல, அம்மா பெரியம்மாவிடம் சொல்ல, மத்தியானத்துக்குள் குடும்பக் குழுவில் விஷயம் வந்துவிட்டது. யாரோ ஒருவர் சூரியன் மறையும் படத்தின்மேல் 'தந்தை' என்று எழுதிப் போட்டார். அழுகிற முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஸ்கூடாயில் இருக்கும் என் கணவரின் சித்தி, தாம் இரவெல்லாம் தூங்கப்போவதில்லை என்று குரல்பதிவு அனுப்பினார்.

அன்று கணவர் வீட்டுக்குள் நுழையும்போதே முகம் ஒரு மாதிரி இருந்தது. குழுவைப் பார்த்துவிட்டார். அப்பாவிடம் நேரே போய் நின்றார். அந்த வீட்டில் ஆண்கள் இருவரும் ஒருவரிடம் ஒருவர் மனதைத் திறந்து நான் பார்த்ததில்லை, அன்றும் பார்க்கவில்லை. "சாப்டாச்சாப்பா?" என்றார். "ம்," என்றார் மாமனார்.

தீர்வை நான்தான் கண்டுபிடித்தேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. "மாமா, இனிமே நீங்க கண்ணக் கெடுத்துக்கிட்டுப் பாலத்தப் பாக்க வேணாம். எங்க இருக்காரு, எப்ப வருவாருன்னு இவரே உங்க போனுக்கு மெசேஜ் போடுவாரு. தெனம்."

கணவர் உணர்ச்சிவசப்பட்டு, "கண்டிப்பா போடுறேன்பா," என்றார்.

மாமனார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அதெல்லாம் எதுக்கு? எனக்கு அந்தப் பாலமே போதும்," என்றார்.

அது அவருடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டோம். தம்பி சொன்னபடி நான் அவருடைய கணக்கை முழுசாக நீக்கினேன். அத்தனை பாலங்களும் ஒரே சொடுக்கில் போயின.

கணினி பறந்தது. மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பொத்தானை அழுத்திவிட்டு எழுந்திருக்கப் போனால் அது தயாராக நின்றது. ஆவணங்கள் தொட்டவுடன் திறந்தன. காணொளிக் கூட்டத்தில் என் வாய் என் சொற்களோடு சேர்ந்தே அசைந்தது. இவ்வளவு நாளும் வேலை அதிகம் என்று நினைத்திருந்தேன், காத்திருப்புதான் அதிகமாக இருந்திருக்கிறது. மாலை ஆறு மணிக்கு முடிகிற வேலை ஐந்துக்கு முன்பே முடிந்தது. மீதி நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல், செய்து முடித்ததையே இன்னொரு முறை சரிபார்த்தேன்.

மாமனார் மட்டும் கொஞ்சம் தொலைந்தவர் மாதிரி இருந்தார். மாலையானால் மேசைப் பக்கம் வந்து மூடிய கணினியைப் பார்ப்பார், போவார். அந்த வாரம் முழுக்க அவர் நடக்கவும் போகவில்லை. முன்பெல்லாம் சில மாலைகளில், "காத்தாட நடந்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார். சில மாலைகளில் கிளம்பமாட்டார். மழையைப் பார்த்து முடிவு செய்கிறார் என்று நினைத்திருந்தேன். மகனுடைய செய்திகள் முறையாக வந்தன. 'கெளம்பிட்டேன்பா.' 'பாலம் தாண்டிட்டேன்பா.' சொன்ன நேரத்துக்கு மகனும் வந்தார். ஒரு வாரம் வீடு விளம்பரத்தில் வரும் குடும்பம் மாதிரி இருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் வேலை சீக்கிரம் முடிந்து நான் குளித்துவிட்டு வந்தால், கூடத்தில் மாமனார் இல்லை. கைப்பேசியை மேசைமேலேயே விட்டுப் போயிருந்தார். திரையில் மகனின் செய்தி: 'செம ஜாம்பா, ஒரு மணி நேரம் ஆகும்.' பாவம், இதைப் பார்த்து மனசு கேட்காமல் நடக்கப் போய்விட்டார் என்று நினைத்தேன். சமையலுக்குத் தேங்காய்ப் பால் இல்லை. நேரமும் இருந்தது. கடை வீதி வரைக்கும் நடந்தேன்.

எங்கள் குடியிருப்பின் முனையில், கடை வரிசை முடியும் இடத்தில் ஒரு தேநீர்க் கடை இருக்கிறது. மாமாக் கடை என்பார்கள். தமிழ் முஸ்லிம் ஒருவர் நடத்துகிறார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பக்கத்திலேயே வாழைப்பழத்தை மாவில் முக்கிப் பொரித்துத் தரும் வண்டி. அதன் எதிரே, மரத்தடியில், எங்கள் கார் நின்றது. பாலத்தின்மேல் நிற்கவேண்டிய கார். எண்பலகையை இரண்டு முறை படித்தேன்.

கடையின் உள் மூலையில் ஒரு மேசை. அதில் என் கணவரும் என் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். இருவர் முன்னாலும் தே தாரிக், இழுத்து ஆற்றிய பால் தேநீர், நுரை பொங்க. நடுவில் பொரித்த வாழைப்பழத் தட்டு. மாமனாருக்குச் சர்க்கரை நோய். வீட்டில் அவருக்குத் தேநீர் பாலும் சீனியும் இல்லாமல், கோசோங். அந்தக் கடைத் தேநீரில் சீனி கலந்த டின் பால் பாதிக் கோப்பை இருக்கும். இருவரும் காவல் நிலையத்தில் உட்கார வைக்கப்பட்டவர்கள் போலக் கைகளை மடியில் வைத்திருந்தார்கள்.

நான் மூன்றாவது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அலாமாக்," என்றார் கணவர், மெதுவாக.

"ஜாம் எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

கடைக்காரர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். "அக்கா, இவங்க ரெண்டு பேரும் அப்பா மகனா? இப்பத்தான் எனக்கே தெரியும்! பெரியவரு ஒரு நாள் வருவாரு, அண்ணன் ஒரு நாள் வருவாரு. ஒரே நாள்ல ரெண்டு பேரும் வந்ததே இல்ல. இன்னிக்குத்தான். ரெண்டு பேருக்கும் கெட்டியா, இனிப்பு தூக்கலா. அப்பவே நெனச்சேன், எங்கேயோ சொந்தம்னு." அவர் மகிழ்ச்சியோடு சொல்லிவிட்டு எனக்கும் ஒன்று போடப் போனார்.

முதலில் மாமனார்தான் வாயைத் திறந்தார், அதுவும் மகனைக் காட்டிக்கொடுக்க. "பாலத்துல ஜாமுன்னு மெசேஜ் போட்டான். சரி, இவன் வர நேரமாகுமேன்னு ஒரு டீத்தண்ணி குடிக்க வந்தேன். வந்து பாத்தா இங்க உக்காந்துருக்கான்."

"அப்ப, ஜாமுன்னா நீங்க இங்க வருவீங்களாப்பா?" என்றார் கணவர்.

மாமனார் தட்டில் இருந்த வாழைப்பழத்தை என் பக்கம் நகர்த்தினார்.

கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டு வாங்கியதில் விஷயம் துலங்கியது. மாமனார் பாலத்தைப் பார்த்தது மகனைத் தேடி அல்ல. மகன் வீட்டில் இருந்தால் அவரைத் தெரு முனை தாண்ட விடமாட்டார், டின் பால் வாசனை பிடித்தாலே மருத்துவரிடம் சொல்லிவிடுவேன் என்பார். அதனால் பாலம் நிரம்பியிருந்தால் கிளம்புவார். எவ்வளவு நேரம் இருக்கிறது என்று வரிசையின் நீளத்தைப் பார்த்தே கணக்குப் போடுவார். பேருந்து ஓட்டியவருக்கு அது கைவந்த கலை. பாலம் காலியாக இருந்தால் நல்ல பிள்ளையாக வீட்டிலேயே உட்கார்ந்துகொள்வார். ஆனால் பாலம் காலியாக இருக்கும் மாலைகளில்தான் மகன் சீக்கிரம் இந்தப் பக்கம் வந்துவிட்டு, வீட்டுக்கு ஜாம் என்று செய்தி போட்டுவிட்டு, இதே கடையில் உட்கார்ந்திருக்கிறார். கேமரா இருந்தவரை இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படவே இல்லை. அதைத்தான் நான் அன்பின் பெயரால் மூடியிருந்தேன்.

"பாலம் வெறிச்சுனு இருக்கும். நீ வந்து ஜாமுன்னு மெசேஜ் வந்துருக்குன்னு சொல்லுவ," என்றார் மாமனார் என்னிடம். "மகன் பொய் சொல்லுவான்னு எனக்கு எப்படித் தெரியும்? அந்தப் பெட்டிதான் ஸ்லோவா இருந்து பழைய படத்தக் காட்டுதுன்னு நெனச்சேன். எத நம்புறதுன்னு தெரியாம வீட்டுலயே உக்காந்துருவேன். அதான் உன்ன ரிப்பேர் பண்ணச் சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் சிரித்து முடித்ததும் வேறொரு கேள்வி வந்தது. மாமனார் வந்தது டின் பாலுக்கு. இவர் எதற்கு வந்தார்? வீட்டுக்குப் போவதைவிட இந்த நாற்காலி இவருக்கு ஏன் பிடித்திருக்கிறது?

கேட்டேன். சிரித்துக்கொண்டே கேட்க முயன்றேன், முடியவில்லை.

அவர் கோப்பையின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நாள் முழுக்க மெஷின் சத்தம். எல்லாரும் எங்கிட்டதான் கேப்பாங்க, இத என்ன பண்றது, அத என்ன பண்றதுன்னு. வீட்டுக்கு வந்தா நீ இன்னும் மீட்டிங்ல இருப்ப. கம்ப்யூட்டர் மாட்டிக்கிச்சுன்னு கத்திக்கிட்டு இருப்ப. நான் உள்ள வந்தோன, இதப் பாருங்க, இது ஏன் ஓடலன்னு எங்கிட்ட கேப்ப. எனக்கு ஒன்னும் தெரியாது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுன்னுதான் சொல்லத் தெரியும். ஒரு ஒரு மணி நேரம், யாரும் எதையும் கேக்காம, சும்மா உக்காரணும்னு இருக்கும். வேற ஒன்னுமில்ல."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்றது? வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெஸ்ட் எடுக்கணும்னா? நீ என்ன நெனச்சிருப்ப?"

நான் என்ன நினைத்திருப்பேன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. அப்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கான தேநீர் வந்தது. உண்மையிலேயே நன்றாக இருந்தது. வீட்டில் மூவருக்கும் நான் கோசோங் பழக்கம் செய்து வைத்திருந்ததால், டின் பாலின் ருசியே மறந்திருந்தது. மரத்தடிக் காரையும் போகிற வருகிற மோட்டார் சைக்கிள்களையும் பார்த்தபடி மூவரும் உட்கார்ந்திருந்தோம். யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. அவர் சொன்னதில் என்ன இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் பாதி புரிந்தது. மீதிப் பாதிக்கு அன்றிரவு சாப்பாட்டின்போது கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

தேங்காய்ப் பால் வாங்க மறந்தே போனது.

அதற்குப் பிறகு எதுவும் பெரிதாகப் பேசி முடிவெடுக்கவில்லை. கணவர் ஜாம் என்று எழுதுவதை விட்டுவிட்டு, 'கடையில இருக்கேன்' என்று எழுத ஆரம்பித்தார். ஆரம்பத்தில் அதைப் படிக்க எனக்கு ஒரு மாதிரி இருக்கும், பிறகு பழகிவிட்டது. சில மாலைகளில் நானும் போவேன். போனால் வாயைத் திறக்கக்கூடாது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட நிபந்தனை. மாமனாருக்கு வாரத்தில் ஒரு தே தாரிக், அதுவும் பால் குறைவாக என்று கடைக்காரரிடமே சொல்லி வைத்தோம். கடைக்காரர் எங்களிடம் தலையாட்டினார். மாமனாரிடமும் வேறு விதமாகத் தலையாட்டியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அடுத்த முறை ரத்தப் பரிசோதனை செய்தபோது சர்க்கரை கொஞ்சம்கூடக் குறையவில்லை.

குடும்பக் குழுவுக்கு மட்டும் நாங்கள் எதையும் திருத்திச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அங்கே மாமனார் அதற்குள் ஓர் உயரத்துக்குப் போயிருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஆயர் ஈத்தாமில் ஓர் உறவினரின் புதுமனை புகுவிழாவுக்குப் போனோம். பந்தலுக்குள் நுழைந்ததும் ஸ்கூடாய் சித்தி ஓடிவந்து மாமனாரின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டார். "அத்தான், உங்களப் பத்திதான் தெனம் பேசுறேன். இந்தக் காலத்துல யாரு இப்படிப் புள்ளைக்காகக் கண்ணு முழிச்சுக் காத்துக்கிட்டு இருக்காங்க?"

கணவர் பந்தலின் கூரையைப் பார்த்தார். நான் புடவைத் தலைப்பைச் சரிசெய்தேன். மாமனார் மட்டும் கொஞ்சமும் கூச்சப்படாமல், கனிவோடு தலையசைத்தார். "பெத்த மனசு, என்ன பண்றது?" என்றார்.

"எனக்கும் அந்தப் பாலம் பாக்குறது எப்படின்னு சொல்லிக் குடுங்க அத்தான்," என்று சித்தி கைப்பையிலிருந்து கைப்பேசியை எடுத்தார். "இவனும் சிங்கப்பூர்லதான வேல பாக்குறான். தெனம் ஜாம், ஜாம்னு வீடு வந்து சேர எட்டாகுது. பாவம், புள்ள அங்க மாட்டிக்கிட்டு என்ன பாடு படுறானோ."

சித்திக்குப் பின்னால் அவருடைய மகன் தட்டில் கேசரியோடு நின்றுகொண்டிருந்தான். கரண்டி வாய்க்குப் போகும் வழியில் நின்றது. அவன் என் கணவரைப் பார்த்தான். என் கணவர் அவனைப் பார்த்தார். மாமனார் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, சித்தியின் கைப்பேசியை வாங்கி, எந்த இடத்தில் அமுக்கவேண்டும் என்று பொறுமையாகக் காட்டத் தொடங்கினார்.